இளவேனில் பூப்படங்களை அச்சிடவும் பகிரவும் ஒரு முழுமையான வழிகாட்டி

மாசிக் கடைசியில் அரசு தளிர்விடத் தொடங்கி, பங்குனியில் வேம்பு பூத்து, சித்திரையில் சரக்கொன்றை சரம்சரமாய் இறங்கும்வரை, திருநெல்வேலிச் சீமையில் கேமரா வைத்திருப்போரின் மெமரி கார்டுகள் நிரம்பிவிடுகின்றன. அவற்றுள் மிகச் சில படங்களே தாளில் ஏறுகின்றன. ஏறியவற்றிலும் பல, "மரத்தில் பார்த்த நிறம் இது இல்லையே" என்ற ஏமாற்றத்தையே தருகின்றன.

இதற்குக் காரணம் பெரும்பாலும் கேமரா அன்று, வேலையின் வரிசை. புதியவர்கள் கைபேசித் திரைக்கு ஏற்றவாறு படத்தைத் திருத்துகிறார்கள், பகிர்கிறார்கள், நாலு பேர் நன்றாயிருக்கிறது என்று சொன்ன பிறகு அதே கோப்பை லேபில், அதாவது படம் அச்சிடும் கடையில், கொடுக்கிறார்கள். முதலில் அச்சுக்கான கோப்பும், அதிலிருந்து பகிர்வுக்கான கோப்பும் என்று வரிசை மாற வேண்டும். பெரிய கோப்பிலிருந்து சிறியதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சிறியதிலிருந்து பெரியதை மீட்க வழியில்லை. கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கேமராவிலிருந்தோ கைபேசியிலிருந்தோ நேரடியாக எடுத்த மூலக் கோப்பு வேண்டும். கேமரா சுருக்காமலும் திருத்தாமலும் பதிவுசெய்யும் ரா கோப்பாக இருந்தால் மிக நல்லது. இல்லையெனில் கேமரா தரும் மிகப் பெரிய ஜேபெக் போதும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மூலமாகக் கொள்ளக் கூடாது. வழக்கமான தரத்தில் அனுப்பும்போது அதன் நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடுகிறது.

திருத்துவதற்கு லைட்ரூம் மென்பொருள் இருந்தால் சரி. இல்லாதவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளும் கிம்ப்பும் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். இவற்றுடன் ஒரு வெள்ளைத் தாளும், பகல் வெளிச்சம் வரும் ஓர் இடமும் தேவைப்படும். இவை இரண்டும் எதற்கு என்பது நான்காம், எட்டாம் படிகளில் வரும்.

2. அச்சுக்குரிய படத்தைப் பொறுக்குதல்

கைபேசித் திரையில் அழகாகத் தெரியும் படம் வேறு, சுவரில் நிற்கும் படம் வேறு. திரையில் பார்ப்பவர் இரண்டு நொடியில் கடந்துவிடுவார். சுவரில் இருப்பதையோ வீட்டில் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் பார்ப்பார்கள். ஆகவே ஒவ்வொரு படத்தையும், அதன் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியும் நூறு விழுக்காடு அளவில் திறந்து, கூர்மை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்கவும்.

வேப்பம்பூவில் இது மிக முக்கியம். ஒரு பூ சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். ஐந்து வெள்ளை இதழ்களுக்கு நடுவே மகரந்தத்தாள்கள் ஒரு சிறு குழலாகச் சேர்ந்து நிற்கும். அந்தக் குழலின் வாய் கூர்மையாக இல்லையென்றால், 12க்கு 8 அங்குலத்தில் பூ முழுவதும் மங்கலாகத் தோன்றும். கைபேசியில் சிறிதாகப் பார்க்கும்போது இந்தக் குறை தெரியாது. பங்குனியில் விடியற்காலை ஓரளவு காற்றில்லாத நேரத்தில் எடுத்த படங்களே பெரும்பாலும் இந்தச் சோதனையில் தேறுகின்றன.

ஒரே கொத்தின் இருபது படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளவும். இரண்டை வைத்துக்கொண்டால் அடுத்த எல்லாப் படிகளிலும் வேலை இரட்டிக்கும்.

3. அளவையும் விகிதத்தையும் முதலிலேயே தீர்மானித்தல்

திருத்தத் தொடங்குவதற்கு முன்பே அச்சின் அளவைத் தீர்மானித்துவிட வேண்டும். காரணம், படத்தின் விகிதமும் தாளின் விகிதமும் பொருந்தாவிட்டால் லேபில் உள்ளவர் ஏதாவது ஓர் ஓரத்தை வெட்டியே ஆக வேண்டும். எந்த ஓரம் என்பது அப்போது நம் கையில் இருக்காது.

பெரும்பாலான டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களின் படம் 3:2 விகிதம். 6க்கு 4, 12க்கு 8, 18க்கு 12 ஆகிய தாள்கள் இதே விகிதம் என்பதால் ஓரம் இழக்காமல் பொருந்தும். அதே படத்தை 10க்கு 8 தாளில் அச்சிட்டால் நீளவாக்கில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். கைபேசிப் படம் பொதுவாக 4:3 விகிதம். அதை 6க்கு 4 தாளில் போட்டால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். சரக்கொன்றையைப் போல மேலிருந்து கீழ்வரை தொங்கும் சரத்தை நிமிர்ந்த சட்டத்தில் எடுத்துவிட்டு 10க்கு 8 தாளில் போடும்போது நுனியில் இருக்கும் மொட்டுகளே முதலில் காணாமற்போகும். சரத்தின் அழகே மேலே மலர்ந்து கீழே மொட்டாக முடிவதில் இருக்கிறது. அந்த மொட்டுகள் போனால் படம் போயிற்று.

அடுத்தது பிக்சல் கணக்கு. கையில் வைத்துப் பார்க்கும் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருப்பது நல்லது. 6க்கு 4 அங்குலத்துக்கு 1800க்கு 1200, 12க்கு 8 அங்குலத்துக்கு 3600க்கு 2400, 18க்கு 12 அங்குலத்துக்கு 5400க்கு 3600 பிக்சல் என்று கணக்கு வரும். சுவரில் மாட்டி இரண்டு மூன்று அடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 200 பிக்சலே போதும். ஆகவே 4000க்கு 3000 பிக்சல் கொண்ட 12 மெகாபிக்சல் கைபேசிப் படத்தையும் 18க்கு 12 அங்குலச் சுவர்ப்படமாகத் தயங்காமல் போடலாம். வெட்டிய பிறகும் அங்குலத்துக்கு 220 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கும்.

படத்தை வெட்டும் கருவியில் தாளின் விகிதத்தைப் பூட்டிவிட்டு, நாமே வெட்டிக் கொடுத்துவிட வேண்டும். ஓரத்தில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு முக்கியமான எதுவும் இல்லாமல் விடவும். ஓரமில்லாத அச்சில் இயந்திரமும் கொஞ்சம் தின்னும்; பிறகு பிரேமின் உதடும் கொஞ்சம் மறைக்கும்.

4. திரையின் ஒளியைக் குறைத்தல்

"அச்சு இருட்டாக வந்துவிட்டது" என்பது நான் அதிகம் கேட்கும் குறை. அச்சு இருட்டாக வருவதில்லை; திரை அளவுக்கு மீறி வெளிச்சமாக இருந்ததுதான் நடந்தது. திரை தன் ஒளியைத் தானே வீசுகிறது. தாளோ அறையின் ஒளியை வாங்கித் திருப்புகிறது. வெளிச்சமான திரையில் சரியாகத் தெரியும்படி இருட்டிய படம், தாளில் இன்னும் இருட்டாகத்தான் விழும்.

கருவி இல்லாமலே இதைச் சரிசெய்யலாம். திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறக்கவும். அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை, அறையின் வெளிச்சம் அதன்மேல் விழும்படி பிடிக்கவும். தாளும் திரையும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தோன்றும்வரை திரையின் ஒளியைக் குறைக்கவும். முதலில் திரை மங்கிவிட்டதுபோல் தோன்றும். பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும்.

இரவில் கண்ணுக்கு இதமாகத் திரையை மஞ்சளாக்கும் வசதி, தானாக ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதி, நிறங்களைப் பளிச்சென்று காட்டும் வசதி ஆகிய மூன்றையும் அணைத்துவிடவும். அவற்றுள் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருந்தாலும் அடுத்த படியில் செய்யும் நிறத்திருத்தம் அனைத்தும் வீண்.

5. மஞ்சளையும் சிவப்பையும் காப்பாற்றுதல்

இந்தப் படிக்கு மற்ற எல்லாப் படிகளையும்விட அதிக நேரம் கொடுக்க வேண்டும், ஏனெனில் நம் ஊர் இளவேனிலின் நிறமே மஞ்சளும் சிவப்பும்தான்.

சரக்கொன்றையின் ஒரு பூவைக் கையில் எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஐந்து இதழ்களிலும் மெல்லிய நரம்புகள் ஓடும். நடுவிலிருந்து மூன்று நீண்ட மகரந்தத்தாள்கள் தூண்டில்முள்ளைப் போல வளைந்து நிற்கும். இவை எல்லாம் மஞ்சளின் மேல் மஞ்சள். படத்தில் இந்த நரம்புகள் தெரிந்தால்தான் அது கொன்றை. தெரியாவிட்டால் மஞ்சள் பெயிண்ட் சிந்திய இடம்.

நரம்புகள் ஏன் மறைகின்றன? ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகள் 0 முதல் 255 வரை பதிவாகின்றன. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் உயர்ந்து, நீலம் தாழ்ந்திருக்கும் நிலை. வெயில் விழும் இதழில் சிவப்பு முதலில் 255ஐத் தொட்டு முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் இதழுக்கும் நரம்புக்கும் இடையில் சிவப்பில் வேறுபாடே இருக்காது. மொத்த வெளிச்சத்தைக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தில் தாழ்ந்த நீலமும் கணக்கில் சேர்வதால், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். ஆகவே மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்புக் கோடு வலது ஓரத்தில் சுவர்போல் ஏறி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நின்றால், முதலில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் மொத்த வெளிச்ச அளவை, மூன்றில் ஒரு பங்கு அல்லது மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறைக்கவும் (ஒரு முழு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). பிறகு மஞ்சளின் சாச்சுரேஷன் என்னும் நிறச்செறிவை மட்டும் தனியே எடுத்துப் படிப்படியாகக் குறைத்து வரவும். நரம்புகள் எழும்பி வரும் இடத்தில் நிறுத்தவும். மஞ்சளைக் குறைத்தால் பூ சோகை பிடித்தாற்போல் ஆகிவிடுமே என்று புதியவர்கள் அஞ்சுகிறார்கள். நடப்பது நேர்மாறு; நரம்பு தெரியத் தொடங்கியதும் கண் அதை உயிருள்ள இதழாகப் பார்க்கிறது. ரா கோப்பில் இந்த மீட்பு எளிது. ஜேபெக்கில் ஓரளவே வரும் என்பதால், எடுக்கும்போதே எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்து எடுக்கவும்.

முள்ளிலவின் பூவுக்கும் கல்யாண முருங்கையின் பூவுக்கும் இதே முறைதான், சிவப்பின் சாச்சுரேஷனைக் குறைக்க வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு.

தளிர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. அரசந்தளிர் செம்பும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். இலுப்பைத் தளிரும் செம்மை ஓடியதே. வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சமன்செய்யும் கேமராவின் தானியங்கி வைட் பேலன்ஸ் அந்தச் செம்மையைப் பிழை என்று நினைத்துக் குளிரச் செய்துவிடுகிறது; தளிர் பழுப்பாகிவிடுகிறது. வெயிலில் எடுத்த எல்லாப் படங்களுக்கும் வைட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கு உரிய ஒரே அளவில் வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் எழாது.

6. அச்சுக் கோப்பை உருவாக்குதல்

நிறவெளியை, அதாவது கோப்பு காட்டக்கூடிய நிறங்களின் எல்லையை, எஸ்ஆர்ஜிபி என்று வைத்து, 8 பிட் ஜேபெக்காக, தரம் 90க்குக் குறையாமல் ஏற்றுமதி செய்யவும். அடோபி ஆர்ஜிபி அகன்ற நிறவெளி என்பது உண்மைதான். ஆனால் லேபின் மென்பொருள் அதைக் கவனிக்காமல் எஸ்ஆர்ஜிபியாக எடுத்துக்கொண்டால் பச்சை முழுவதும் வெளிறிவிடும். லேபில் அடோபி ஆர்ஜிபிதான் வேண்டும் என்று அவர்களே கேட்டாலன்றி அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மூன்றாம் படியில் கணக்கிட்ட பிக்சல் அளவுக்குப் படத்தைக் கொண்டுவந்த பிறகே, கூர்மையைக் கூட்டும் ஷார்ப்பனிங் செய்ய வேண்டும். முன்பே செய்தால் அளவு மாறும்போது அதன் விளைவும் மாறிவிடும். தாளில் மை சற்றே பரவும் என்பதால், அச்சுக் கோப்பு திரையில் ஒரு மயிரிழை அதிகக் கூர்மையாகத் தெரிவது நல்லது. ஆனால் பின்னணியில் மங்கலாக விட்ட வானத்துக்கும் இலைகளுக்கும் ஷார்ப்பனிங் போகாதபடி மறைத்துவிடவும். இல்லையெனில் அங்கே மணல் தூவியதுபோல் புள்ளிகள் எழும்.

கோப்பின் பெயரிலேயே செடி, அளவு, தாள் மூன்றும் இருக்கட்டும். "கொன்றை 18க்கு 12 மேட்" என்று பெயரிட்டால், கூட்டமுள்ள முகூர்த்தக் காலத்திலும் லேபில் தவறு நேர வாய்ப்புக் குறைவு.

7. தாளைத் தேர்ந்தெடுத்தல்

கிளாசி தாளில் நிறம் ஆழமாக விழும், ஆனால் எதிரே சன்னல் இருந்தால் சன்னல்தான் தெரியும். மேட் தாளில் பளபளப்பு இல்லை, கருமை சற்று மென்மையாகும். வேப்பம்பூ, மருதம்பூ போன்ற வெளிர்நிறப் பூக்களுக்கு இதுவே பொருந்தும். இரண்டுக்கும் நடுவே நுண்ணிய சொரசொரப்புள்ள லஸ்டர் தாள் இருக்கிறது. எதை எடுப்பது என்று தெரியாதவர்கள் இதை எடுக்கலாம். மின்னும் உலோகத் தாளைப் பூப்படத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது வெள்ளை இதழை வெள்ளித் தகடாக்கிவிடுகிறது.

8. லேபில் சொல்ல வேண்டியதும், சோதனை அச்சும்

நம் பக்கத்து கலர் லேப்களுக்குப் பெரும்பாலும் கல்யாண ஆல்பம்தான் அன்றாட வேலை. ஆகவே இயந்திரத்தின் தானியங்கித் திருத்தமும், அதை இயக்குபவரின் கண்ணும் முகத்தின் நிறத்துக்குப் பழகியவை. முகமே இல்லாத, சட்டம் முழுக்க மஞ்சளாக இருக்கும் படம் வந்தால், மஞ்சள் ஏறிவிட்டது என்று கருதி நீலத்தைக் கூட்டிவிடுவார்கள். நான் முதன்முதலில் போட்ட 18க்கு 12 கொன்றை, ஒரு லேபில் இப்படித்தான் எலுமிச்சைப் பச்சையாக வெளிவந்தது. கொடுத்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை; அவர்களும் வழக்கம்போல் சரிசெய்து போட்டுவிட்டார்கள்.

ஆகவே கொடுக்கும்போதே, "கலர் கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம் அண்ணாச்சி, கோப்பில் உள்ளபடியே போடுங்கள்" என்று வாயாலும் சொல்லி, உறையின் மேலும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வேலை குறைந்த நாளாகப் பார்த்துப் போவதும் உதவும்; முகூர்த்த நாள்களை ஒட்டிப் போனால் நிதானமாகப் பேச முடியாது.

பெரிய அச்சுக்கு முன் சோதனை அச்சு கட்டாயம். இதற்கு அதிகச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. 18க்கு 12 கோப்பைச் சுருக்காமல், அதிலிருந்து 1800க்கு 1200 பிக்சல் அளவுள்ள ஒரு துண்டை மட்டும் வெட்டி 6க்கு 4 அச்சாகப் போடவும். கோப்பு அங்குலத்துக்கு 300 பிக்சலாக இருந்தால், பெரிய அச்சில் அந்த இடம் எப்படித் தெரியுமோ அப்படியே சிறிய தாளில் தெரியும். வெயில் விழும் இதழும் நிழலில் உள்ள இலையும் சேர்ந்து வரும் இடமாகப் பார்த்து வெட்டவும். முழுப் படத்தையும் சுருக்கி 6க்கு 4 போடுவதே புதியவர்கள் செய்யும் பிழை. அதில் நிறம் தெரியும், கூர்மை தெரியாது. பெரிய அச்சு எந்த இயந்திரத்தில், எந்தத் தாளில் வருமோ அதிலேயே சோதனையையும் கேட்கவும்.

சோதனை அச்சை லேபின் குழல்விளக்கின் கீழே பார்த்து முடிவெடுக்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, முற்பகலில் தார்சாவில் (தாழ்வாரத்தில்) நேர் வெயில் படாத வெளிச்சத்தில் பார்க்கவும். பிறகு படம் எந்தச் சுவரில் மாட்டப்படுமோ அந்தச் சுவரில் சாய்த்து, மாலை விளக்கிலும் ஒருமுறை பார்க்கவும். இருட்டாகத் தோன்றினால் கோப்பின் வெளிச்சத்தைச் சிறிது கூட்டி, இன்னொரு துண்டு. பெரும்பாலும் இரண்டாவது துண்டிலேயே சரியாகிவிடும்.

9. பகிர்வுக் கோப்பை எடுத்தல்

அச்சுக் கோப்பு முடிந்த பிறகே இது. அதன் பிரதி ஒன்றை எடுத்து, நீளப் பக்கம் 2048 பிக்சலாகச் சுருக்கி, திரைக்கு உரிய மெல்லிய ஷார்ப்பனிங் செய்து, எஸ்ஆர்ஜிபி ஜேபெக்காகச் சேமிக்கவும். அச்சுக்காகக் கூட்டிய வெளிச்சம் இருந்தால் அதைப் பழைய அளவுக்கு இறக்கிவிடவும்.

நண்பர் ஒருவர் அச்சிடுவதற்காகக் கேட்டால், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பவும். கோப்பு சுருங்காமல் போகும். ஆனால் இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. டாக்குமென்டாகப் போகும் கோப்பில், படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் அப்படியே சேர்ந்து போகும்.

சாலையோரக் கொன்றைக்கு அதனால் கேடில்லை. மாஞ்சோலை, குதிரைவெட்டிப் பக்கத்து மலைக்காட்டில் எடுத்த ஆர்க்கிட் படத்துக்கு அது பெரும் கேடு; அரிய செடி இருக்கும் இடம் தெரிந்தால் வேரோடு பிடுங்கிக்கொண்டு போக ஆள் வரும். ஆகவே மலைச்செடிகளின் படங்களை ஏற்றுமதி செய்யும்போதே இடக்குறிப்பை நீக்கிவிடவும். எழுதும் குறிப்பிலும் "மேற்குத்தொடர்ச்சி மலை, திருநெல்வேலி மாவட்டம்" என்பதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

10. பெயர்க்குறிப்பு எழுதுதல்

படத்தோடு செடியின் உள்ளூர்ப் பெயர், தாவரவியல் பெயர், எடுத்த மாதம், எடுத்த ஊர் ஆகிய நான்கும் இருக்கட்டும். உள்ளூர்ப் பெயர் மட்டும் போதாது. கொன்றை என்ற ஒரு சொல்லுக்குள் பல மரங்கள் அடங்கும். காசியா ஃபிஸ்டுலா என்னும் சரக்கொன்றையின் பூ கீழ்நோக்கித் தொங்கும், காய் நீண்ட உருளையாக இருக்கும். பெல்டோஃபோரம் டெரோகார்ப்பம் என்னும் பெருங்கொன்றையின் பூங்கொத்து மேல்நோக்கி நிற்கும், காய் தட்டையாகச் செம்புநிறத்தில் இருக்கும். இரண்டும் மஞ்சள் என்பதால் மாற்றி எழுதுவோர் மிகுதி. பூவை எடுக்கும்போதே காயையும் இலையையும் பட்டையையும் ஒவ்வொரு படமாவது எடுத்து வைத்தால், பிறகு பெயரைச் சரிபார்க்கலாம். திருப்புடைமருதூரில் தாமிரபரணிக் கரை மருதத்தை நான் இப்படித்தான், பூவைவிட அதன் வெளிறிய வழவழப்பான பட்டையைக் கொண்டு உறுதிசெய்துகொண்டேன்.

11. பிரேம் போட்டு மாட்டுதல்

அச்சின் மேற்பரப்பு கண்ணாடியைத் தொடக் கூடாது. மழைக்கால ஈரத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் நிறம் கண்ணாடியோடு வரும். இடையே மௌண்ட் அட்டை வைக்கச் சொல்லவும். பின்புறம் செய்தித்தாளை வைத்து அடைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடவும். அதிலுள்ள அமிலம் நாளடைவில் அச்சையும் மஞ்சளாக்கும். பின் அட்டையின் விளிம்பை நாடாவால் முழுவதும் ஒட்டினால் பூச்சி புகாது.

மேற்கு வெயில் நேராக விழும் சுவரில் மாட்டக் கூடாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு முதலில் வெளிறுவது பூப்படத்தின் சிவப்பும் மஞ்சளும்தான். வெளிச்சுவராக இருந்து மழையில் ஓதம் ஏறுவதாக இருந்தால், சட்டத்தின் பின்மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் இடைவெளி விடவும்.

ஆணி அடிப்பதற்கு முன், பின் அட்டையில் பென்சிலால் செடியின் பெயர், எடுத்த நாள், அச்சிட்ட நாள், தாளின் வகை, சோதனை அச்சில் வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினோம் என்ற கணக்கு ஆகியவற்றை எழுதிவிடவும். அடுத்த பங்குனியில் அடுத்த மரத்தின் படத்தை அச்சிடும்போது, அந்தக் கணக்கிலிருந்தே முதல் துண்டை வெட்டலாம்.